மூன்றோடு தீரும் மூச்சு

இறந்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் நாட்களில், பௌத்தக் கோயில் குருவான ஜிஷோ, செடிகளை ரசிக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கைப்பிடியை விடாமல், வேலியில் படர்ந்த நீலப் பூக்களையோ தொட்டியில் காய்த்த கத்தரிக்காயையோ பார்த்துக்கொண்டு நிற்பார். "ஓஷோ-சானுக்கு எங்க கத்தரிக்கா மேலயே கண்ணு" என்று, கோயில் குருவை ஓஷோ என்றழைக்கும் வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். போகும்போது நாலு காயைப் பறித்துப் பையில் போட்டும் கொடுப்பார்கள். உண்மையில் அவர் கத்தரிக்காயைப் பார்க்கவில்லை. வாசலிலிருந்து உள்ளே நடக்க மூச்சு வேண்டும். அது வந்து சேரும்வரை கண்ணுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஜப்பானின் ஷிமானே கடற்கரையில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோரென்-ஜி கோயில் அவருடையது. அப்பா இறந்தபோது கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும் ஒரே மகனான அவர் தலையில் வந்து இறங்கின. ஒரு கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. தலைமுடியில்கூட ஊதுபத்தி வாசனை வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு வசந்தத்தில் மத்சுயேவிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. அதன் பிறகு அம்மாவும் அவரும்தான். அம்மா அடுத்த அறையில் படுப்பாள். அவர் குறட்டை ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுபோனால், நடுச்சுவரைக் கையால் ஓங்கித் தட்டுவாள். "டேய், மூச்சு விடுடா!" அவரும் தூக்கத்திலேயே ஒரு பெருமூச்சு இழுத்துப் புரண்டு படுப்பார். அம்மா போய் மூன்று வருடமாகிறது. இப்போது சுவரைத் தட்ட ஆளில்லை. காலையில் எழுந்தால் தலை கல்லாகக் கனத்தது. நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

அம்மா இருந்தவரை வீட்டில் அளவு இருந்தது. பிறகு, நெடுஞ்சாலைக் கடையில் பிளாஸ்டிக் பெட்டியில் விற்கும் பொரித்த கோழியும் சோறும்தான் இரவுச் சாப்பாடு. ஒரு பெட்டி வாங்கினால் தனி ஆள் என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு பெட்டி வாங்கினால் வீட்டில் யாரோ இருப்பதுபோல் இருக்கும். அப்படித்தான் இரண்டு வாங்க ஆரம்பித்தார். வாங்கியதை வீணாக்கக் கூடாது.

பகலில் வீடுகள். ஓபோன் என்றால் இறந்தவர்கள் வந்திருப்பார்கள், அவர்களுக்கு மந்திரம் சொல்ல ஓஷோ வந்தாக வேண்டும். வந்த ஓஷோவின் வாயை நனைக்காமல் அனுப்பக் கூடாது. ஒரு வீட்டில் தொட்டுவிட்டு மற்ற வீட்டில் தொடவில்லை என்றால் அது மறுநாள் மீன் சந்தைவரை போய்விடும். ஆகவே எல்லா வீட்டிலும் தொட்டார். தொட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தர்பூசணி, குளிர்ந்த நூல் சேமியா, சிவப்புப் பயற்று இனிப்பு என்று வீட்டுக்கு வீடு ஒரு தட்டை வழித்தார். கியோட்டோவிலிருக்கும் அங்கிக் கடைக்குப் போன் செய்தால், "போன தடவை அளவுதானே ஓஷோ-சான்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல், "கொஞ்சம் தாராளமாவே தெச்சிடறோம்" என்பார்கள்.

மூச்சு குறைவதற்கு அவர் பழியைப் போட்டது ஊதுபத்திப் புகையின் மேல். புகையில்லாத ஊதுபத்தி வாங்கி வைத்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சில மாதங்களில் ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் அதே பெட்டி வந்துவிட்டது.

அந்த வருட ஓபோனில் தோகுரா வீட்டுக்குப் போனபோது வெயில் உச்சியில் இருந்தது. தோகுரா மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். ஐம்பது வருடம் கத்திக் கத்திக் குரல் சரளைக் கல்லாகிவிட்டது. அவர் மனைவி கினுயே கோயிலின் பெண்கள் பஜனைக் குழுவுக்குத் தலைவி.

"வாங்க ஓஷோ, வாங்க. வேர்த்துக் கொட்டுது. அந்த ஃபேனை அவர் பக்கம் திருப்பேன்" என்றார் தோகுரா.

"இந்த மனுஷன் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்" என்றாள் கினுயே. ஃபேன் ஏற்கெனவே அவர் உட்காரப் போகும் மெத்தையைப் பார்த்துத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜிஷோ முன்னோர் மாடத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் குதிகால்களின் மேல் உட்கார்ந்தார். அப்படி உட்காரும்போது வயிறு தொடைகளின் மேல் ஏறி நெஞ்சைக் கீழிருந்து மேலே தள்ளும். அவர் அங்கியைச் சரிசெய்வதுபோல் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். மந்திரம் முடிந்து கடைசியில் பத்துப் பெயர் சொல்லும் கட்டம் வந்தது. புத்தரின் பெயரைப் பத்து முறை சொல்வது. முதல் நான்கும் ஒரே மூச்சில், அடுத்த நான்கும் ஒரே மூச்சில், ஒன்பதாவது தனியே, பத்தாவது நீட்டித் தலைகுனிந்து. எண்ணத் தெரியும் முன்பே அவருக்கு இது தெரியும். ஓஷோ தொடங்குவார், வீடே சேர்ந்துகொள்ளும்.

"நமு அமிதாபு, நமு அமிதாபு, நமு அமிதாபு" என்றார். மூச்சு தீர்ந்தது. இழுத்தார். அதே நொடியில் முதுகுக்குப் பின்னால் தோகுரா, கினுயே, மகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இழுத்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்தே தொடர்ந்தார்கள். ஒருவர்கூட முந்தவில்லை, பிந்தவில்லை.

மூன்றில் மூச்சு வாங்குவது முறையல்ல என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எல்லோருமே அங்கேதான் வாங்குகிறார்கள் என்னும்போது அது தவறாகத் தோன்றவில்லை. நான்கு என்பது புத்தகத்தில் இருப்பது, ஊரில் இப்படித்தான் என்று ஆகிவிட்டது. அதைவிட, அந்த ஒரு நொடிக்காகவே அவர் வீடு வீடாகப் போனார் என்றுகூடச் சொல்லலாம். ஒரு வீட்டு மனிதர்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து மூச்சு வாங்கும் நொடி. நாளில் அவர் தனியாக இல்லாத நேரம் அது மட்டும்தான். புத்தரின் பெயர் எதற்காக ஏற்பட்டதோ அது இதற்காகத்தான் என்று அவர் யாரிடமும் சொல்லாமல் நம்பினார்.

"சாப்பிடுங்க. முந்தின வீட்டுலயே வயித்த ரொப்பிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று தட்டை நகர்த்தினாள் கினுயே.

"அங்க சும்மா ஒரு வாய்தான்."

"அப்போ இங்க ரெண்டு வாய்."

அக்டோபரில் பழைய தபால்காரர் ஒருவர் இறந்தார். ஜிஷோவுக்குச் சளி பிடித்துக் குரல் கட்டியிருந்தது. அடுத்த வளைகுடாக் கோயிலிலிருந்து எஞ்சுவை வரச்சொன்னார். இருவரும் குருகுலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். எஞ்சு ஈர்க்குச்சி போல இருப்பான், ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் ஆடுவான், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். அவன் நடுவில் உட்கார்ந்து நடத்த, ஜிஷோ பக்கத்து மெத்தையில் உட்கார்ந்தார். அப்பாவுக்குப் பிறகு, தன் கோயிலில் தான் நடத்தாத சடங்கை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை.

பத்துப் பெயர் வந்தது. எஞ்சு தொடங்கினான். மூன்று சொல்லி முடித்ததும், மண்டபம் முழுக்க இருந்தவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். எஞ்சுவின் குரல் மட்டும் நான்காவதுக்குத் தனியாகப் போனது. ஆளில்லாத தெருவில் ஒருவன் நடப்பதுபோல அது உத்தரத்தில் மோதித் திரும்பியது. எஞ்சு பாதிக் கண்ணால் ஜிஷோவைப் பார்த்தான்.

சடங்கு முடிந்து உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்தியதும் கேட்டான். "டேய், உங்க ஊர்ல புத்தர் பேரைக் குறைச்சிட்டாங்களா?"

"என்னது?"

"மூணு சொல்லிட்டு மொத்தக் கூட்டமும் மூச்சு வாங்குது. நான் ஒத்தையா நாலாவதுல போய் நின்னேன். அலை பின்வாங்குற மாதிரி ஒரு சத்தம்டா. செத்தவர் எந்திரிச்சிட்டாரோன்னு பயந்துட்டேன்."

"கடற்கரை ஊரு. எங்க பாணி அது."

"எது? உங்கப்பா இருந்தப்போ நான் இங்க வந்து சொல்லியிருக்கேன். நாலுதான்."

ஜிஷோ ஒரு முக்காலியில் உட்கார்ந்து வெள்ளைக் காலுறையைக் கழற்றக் குனிந்தார். கை கணுக்காலை எட்டும் முன் கண் இருட்டியது. நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். எஞ்சு வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் காலுறையைத் தானே உருவினான்.

"குனிஞ்சா மூச்சு வரலியா?"

"சளி."

"சளி கால் வரைக்கும் எறங்கிடுச்சா?" என்று சிரித்தவன், சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். இரண்டாவது காலுறையையும் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

வியாழக்கிழமை மதியங்களில் பெண்கள் குழு கோயிலின் பக்கவாட்டு அறையில் கைமணி வைத்துப் பாடிப் பழகும். அந்த வாரம் ஜிஷோ அவர்களுக்குத் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்தில் மெதுவாக வந்தார். காகிதக் கதவுக்கு அப்பால் கினுயேவின் குரல். ஒசாகாவிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு சொல்லு. மூச்சு விடு. அப்புறம் மறுபடி."

"எங்க ஊர்ல நாலுங்க, அத்தை."

"உங்க ஊர் ஓஷோவுக்கு நாலு வருதும்மா. எங்க ஓஷோவுக்கு மூணுதான் வரும். நீ பாட்டுக்கு நாலாவது சொன்னா அவர் காதுல விழும். விழுந்தா அந்த மனுஷன் மொகத்தை எங்க கொண்டு வெப்பாரு?"

"அவர்கிட்டயே சொல்லிடலாமே?"

ஒருத்தி கைமணியைக் கீழே வைத்தாள். பிறகு வேறொருத்தி சொன்னாள். "என்னன்னு சொல்றது? குண்டாயிட்டீங்கன்னா? ஆக்குனது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. அடுப்படியில் தாங்களே எதையோ தீயவிட்டவர்கள் சிரிக்கிற மாதிரி. ஜிஷோ தட்டைக் கதவோரம் தரையில் வைக்க முயன்றார். குனிய முடியவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். ஆறிப்போன தேநீரைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அவர் ஜன்னலருகே உட்கார்ந்து கடலைப் பார்த்தார். தன்னோடு சேர்ந்து மூச்சு வாங்குகிறார்கள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தது, தனக்காக மூச்சைப் பிடித்து நிறுத்தியதா? ஊரே கூடிப் பழகிய நடிப்பா? நடிப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு ஊர் முழுவதும் ஒரு மனிதனுக்காகத் தன் மூச்சைக் குறைத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? அன்பு என்றால் இவ்வளவு வெட்கமாக ஏன் இருக்கிறது? இரக்கம் என்றால் இவ்வளவு கதகதப்பாக ஏன் இருந்தது? எதுவாக இருந்தாலும் ஒன்று மட்டும் தெளிவு. அவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் இருந்தார்கள், அவர் மறுபக்கம். நடுவில் ஒரு காகிதக் கதவு. அதைத் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இருபுறமும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் பஸ் பிடித்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற இளைஞன் குதிரைப் பந்தயம் பார்ப்பவன்போலக் கத்தினான். "இழுங்க, இழுங்க, இழுங்க... இப்ப ஊதுங்க! இன்னும், இன்னும், இன்னும், விடாதீங்க!" நான்காம் முறை ஊதி முடித்தபோது ஜிஷோவின் காதுகள் அடைத்துக்கொண்டன. "கோயில்ல இருக்கறவங்க நல்லா ஊதுவாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றான் இளைஞன், சற்று ஏமாற்றத்தோடு.

நுரையீரல் டாக்டர் நிவா என்ற முப்பது சொச்ச வயதுப் பெண். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஊதுபத்திப் புகையாலன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"புகையும் நல்லதில்ல. ஆனா உங்க நுரையீரல் கெட்டுப்போகல. அதுக்கு இடம் பத்தல." அவள் தன் விலா எலும்புக்குக் கீழே கையைக் குறுக்காக வைத்துக் காட்டினாள். "இங்க ஒரு தசைத் தகடு இருக்கு. மூச்சு இழுக்கும்போது அது கீழ எறங்கணும். கீழ வயிறு இருந்தா எங்க எறங்கும்? அதோட, மூச்சு விட்ட பிறகும் நுரையீரல்ல கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கணும். அந்த மிச்சம்தான் அடியில இருக்கற சின்னச் சின்னக் குழாய்களைத் தெறந்து வெச்சிருக்கும். உங்களுக்கு அந்த மிச்சமே இல்லாத அளவுக்கு வயிறு மேல அழுத்துது. அடிக் குழாயெல்லாம் சீக்கிரமே மூடிக்குது. நெஞ்சைச் சுத்தி இருக்கற கொழுப்பும் கனம். ஒவ்வொரு மூச்சுக்கும் அதையும் சேர்த்துத் தூக்கறீங்க."

"மந்திரம் சொல்லும்போதுதான் அதிகம்."

"எப்படி உக்காந்து சொல்வீங்க?"

அவர் மண்டியிட்டுக் காட்டினார். டாக்டர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். "சொல்லுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

மூன்றோடு நின்றது. நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்லச் சொன்னாள். நான்காவது பாதியில் அறுந்தது. பிறகு நிற்கவைத்தாள். ஜிஷோ கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். நமு அமிதாபு, நமு அமிதாபு, நமு அமிதாபு... நான்காவதும் வந்தது. வால் மெலிந்து, கயிற்றின் கடைசி இழைபோல, ஆனாலும் வந்தது. நம்பாமல் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். திரைக்கு அப்பால் வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு வயதான பெண்மணி தானாக ஐந்தாவதைத் தொடங்கினாள். டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"பாத்தீங்களா? தொலைஞ்சு போகல. நசுங்கியிருக்கு. எடை குறைஞ்சா திரும்பி வரும். எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது. தூங்கறப்போ மூச்சு நிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு மெஷின் தர்றேன். என்ன சாப்பிடறீங்க?"

அவர் சொன்னார். இரண்டு பெட்டியையும் சொன்னார். வீடுகளையும் சொன்னார்.

"வீடுகள்ல வேணாம்னு சொல்லிடுங்க."

"டாக்டர், நீங்க எந்த ஊரு?"

"டோக்கியோ."

"அதான்" என்றார் ஜிஷோ.

மாதாந்தர நினைவு நாளுக்காகத் தோகுரா வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டியிருந்தது. மந்திரம் முடிந்ததும் கினுயே வழக்கம்போல் தட்டைக் கொண்டுவந்தாள். வேகவைத்த சர்க்கரைவள்ளியும் பயற்று இனிப்பும்.

"இன்னிக்கு வேணாம், கினுயே-சான்."

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணும் வேணாம்."

அவள் தட்டைப் பிடித்தபடியே நின்றாள். "உடம்புக்கு ஆகாதா, எங்க வீட்டுக்கு ஆகாதா?"

ஜிஷோ கையிலிருந்த மணிமாலையைச் சுருட்டினார். பொய் சொல்லலாம், பல்வலி என்று. பொய் எளிது, அடுத்த மாதமும் தட்டு வரும். "மூச்சுக்கு ஆகல" என்றார். "உங்களுக்கே தெரியும்."

தோகுரா தொண்டையைச் செருமினார். கினுயேவின் காதுமடல் சிவந்தது. அவள் தட்டை உள்ளே கொண்டுபோனாள், தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், எதையோ நெடுநேரம் கழுவினாள்.

அடுத்த வீட்டுக்கு நடந்து போவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. அங்கே வெறும் தேநீர்தான் வந்தது. அதற்கடுத்த வீட்டிலும் தேநீர். யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் காரணம் கேட்கவில்லை. இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று முதல் மாதம் அவருக்கு வியப்பாக இருந்தது.

இரண்டாம் மாதம்தான் எது போயிற்று என்று புரிந்தது. தட்டு இருந்தபோது பேச்சு இருந்தது. இவர் கடிக்கும் நேரத்தில் அவர்கள் பேசுவார்கள். மகன் படகை விற்கப் போகிறான், மருமகளுக்கும் தனக்கும் ஆகவில்லை, செத்தவர் கனவில் வந்து செருப்பைக் கேட்டார் என்று எல்லாம் அந்த ஒரு தட்டு தீர்வதற்குள் வெளியே வரும். ஒரு துண்டு மிச்சம் இருக்கும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. தேநீர் நாலு வாயில் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்ததும் அவர்கள் முழங்காலில் கையை ஊன்றுகிறார்கள். அவரும் எழுந்துகொள்கிறார். "பாத்துப் போங்க" என்று வாசலில் தலைகுனிகிறார்கள். எல்லா வீடும் முடிந்து நண்பகலுக்கே கோயிலுக்குத் திரும்பிவிடுகிறார். தெருவில் அவரைப் பார்த்தால் அவர்கள் இப்போது கூடுதல் மரியாதையோடு வணங்குகிறார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

குளிர்காலம் நீளமாகப் போனது. முட்டைக்கோஸும் தோஃபுவும் ஒரே சட்டியில் கொதிக்கும். ஒரு கிண்ணம், ஒரு ஜோடிக் குச்சி. ஸ்கூட்டரை மூடிவைத்துவிட்டு நடந்தார். மேட்டில் நின்று நின்றுதான் ஏறினார். மூச்சு வாங்கினால் மூச்சு வாங்கத்தான் நின்றார். எதையும் ரசிப்பதுபோல் பாவனை செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த முகமூடியைப் போட்டுக்கொண்டு படுத்தால் அந்த இயந்திரம் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறையில் இன்னொருவர் படுத்திருப்பதுபோல இருந்தது. முதல் வாரம் அது தொந்தரவாக இருந்தது. பிறகு அதை அணைத்த நிமிடம்தான் தொந்தரவாக இருந்தது.

தட்டையே ஏற்றுக்கொண்டிருக்கலாமோ என்று நினைக்காத நாள் இல்லை. மூச்சு முக்கியமா, மூச்சு விடுவதைப் பார்க்க ஒருவர் இருப்பது முக்கியமா? குருகுலத்தில் இதை யாரும் கேள்வியாகக் கேட்டதில்லை. அங்கே எல்லோரும் ஒரே கூடத்தில்தான் தூங்கினார்கள்.

மார்ச்சில் ஹிகான் வந்தது, பகலும் இரவும் சமமாகும் நாள். அன்று குடும்பங்கள் எல்லாம் கல்லறைகளைக் கழுவிப் பூவைத்துவிட்டுக் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். அவர் அங்கி முன்பைவிடக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பெரிய மாற்றம் இல்லை. பொரித்த கோழி நினைவு வந்த நாட்களும் இருந்தன, வாங்கிய நாட்களும் இருந்தன. ஜிஷோ சாமான் அறையிலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து நடு மண்டபத்தில், அப்பா மண்டியிட்டு உட்கார்ந்த மெத்தையை நகர்த்திவிட்டு, அங்கே போட்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

மந்திரம் முடிந்தது. பத்துப் பெயர் வர வேண்டிய இடத்தில் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவர்களைப் பார்த்து உட்கார்ந்தார். வழக்கமாக அவர்கள் பார்ப்பது அவர் முதுகை மட்டும்தான். எல்லோரும் பாய்களைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"எனக்கு நாலு வரல" என்றார் ஜிஷோ. "ரொம்ப நாளா வரல. உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். வயிறு அழுத்துது, நெஞ்சுல இடம் பத்தலன்னு டாக்டர் சொன்னாங்க. குறைக்கப் பாக்கறேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஆனா உங்க எல்லாருக்கும் நாலு வரும். எனக்காக நிறுத்தாதீங்க."

கினுயே கைக்குட்டையை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

பின்வரிசையிலிருந்து சரளைக் கல் உருண்டது. "அப்போ நீங்க நிறுத்தற எடத்துல நாங்க என்ன பண்றது ஓஷோ?" தோகுரா.

"என்னை விட்டுட்டுப் போயிடுங்க. நான் ஒம்பதாவதுல வந்து சேந்துக்கறேன்."

"படகு மாதிரி சொல்றீங்க."

யாரோ சிரித்தார்கள். ஜிஷோ நாற்காலியைப் புத்தர் பக்கம் திருப்பிக்கொண்டு தொடங்கினார். மூன்று முடிந்தது. பழக்கம் விடவில்லை. பாதிப் பேர் மூச்சை இழுத்தார்கள், மீதிப் பேர் நான்காவதில் கால் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ஒசாகாப் பெண் மட்டும் தெளிவாக நான்காவதைச் சொல்லி முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டபம் குழம்பிப் போனது.

"அவ சொன்னதுதான் சரி" என்றார் ஜிஷோ திரும்பாமலே. "மறுபடி."

இரண்டாம் முறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வயிற்றைத் தளரவிட்டு, இழுக்க முடிந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதின் தொடக்கம் அவர் வாயில் இருந்தது, 'நமு' வரை வந்து உதிர்ந்தது. மற்றவர்கள் நிற்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நான்காவது பெயர் முழுதாக வந்தது. தோகுராவின் கரகரப்பு, பெண்கள் குழுவின் பழகிய குரல்கள், சிறு பிள்ளைகளின் கீச்சு, எல்லாம் சேர்ந்து அவரைத் தாண்டிப் போனது. பிறகு எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். அவர் வாங்கவில்லை. அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார், அவர்களுக்கு முன்னால், தனியாக.

அடுத்த நான்கையும் அவர் சொல்லவில்லை. சொல்ல முயன்றிருக்கலாம், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டார். தான் இல்லாமல் தன் ஊர் எப்படி ஒலிக்கும் என்று அவர் அதுவரை கேட்டதில்லை. நன்றாகத்தான் ஒலித்தது. அவர் விட்ட இடம் தெரியாமல் மூடிக்கொண்டு போனது. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. கண்ணோரம் நனைந்தது சந்தோஷத்தாலா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

எட்டு முடிந்து மண்டபம் ஒரு கணம் காத்திருந்தது. அவருக்காகத்தான் காத்திருந்தது. ஜிஷோ நெஞ்சு கொள்ளும் அளவுக்கு மூச்சை இழுத்தார். முன்பிருந்ததைவிட ஒரு விரல்கடை அதிகம் கொண்டது. ஒன்பதாவதைத் தொடங்கினார்.